தண்ணீர் ஏறாத வீடு

மழை விட்ட மறுநாள். பெரிய மார்க்கெட்டில் என் பக்கத்தில் இரண்டு பெண்கள் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“எதிர் வூட்டுக்காரரோட சவப்பெட்டிய எங்க ஹால்லதான் வெச்சோம்க்கா. அவங்க வூட்ல முட்டி வரைக்கும் தண்ணி. எங்க வூடு ஒசரம்.”

“படுத்த படுக்கையா கெடந்தாரே, அவரா?”

“ஆமாக்கா. மெத்தையெல்லாம் நனஞ்சி, ரெண்டு நாள் குளுர்லயே கெடந்தாரு.”

“சாரம் ஏரியாவுல, உங்க தெருவுல தண்ணி நிக்காதேடி?”

“அப்ப வாய்க்கால் இருந்துச்சு. வண்டி ஏத்தறதுக்குன்னு எங்க வூட்டுக்காரரு அதுல கல்லு மண்ணு கொட்டி, மேல சிமெண்ட் பூசிட்டாரு.”

ஊரில் பாதிப் பேர் செய்கிற அயோக்கியத்தனம்.

“பாவிங்களா! மொதல்ல அத உடைங்கடி. அவரு பொண்டாட்டிகிட்ட இத சொன்னியா?”

“எப்படிக்கா சொல்வேன்? பொட்டி வெக்க எடம் குடுத்த மகராசின்னு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறா.”