கோல்கீப்பரின் இடது முட்டி பற்றி அவருடைய அக்கா சொன்னது

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறேன். புகார்தாரர் என் உடன்பிறந்த தம்பி. நாட்டுக்கே அவர் 'சுவர்'. எங்கள் வீட்டில் அவன் பல்லி. இனி அவன் என்றுதான் சொல்வேன், வேறு மாதிரி எனக்கு வராது.

அம்மா வேலைக்குப் போன மாலைகளில், எங்கள் குடியிருப்பின் நடையில் நான் பந்தை எறிவேன், அவன் பாய்ந்து பிடிப்பான். பிடித்ததற்குப் பாராட்டியதில்லை, விட்டதற்குத் திட்டுவேன். அவன் பெரிய ஆட்டக்காரன் ஆன பிறகும், ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையிலிருந்தே எனக்குப் போன் செய்து, "திட்டுக்கா" என்பான். திட்டி முடித்த பிறகுதான் அவனுக்குப் பசிக்கும். அதற்குப் பிறகு ஊர் என்ன சொன்னாலும் அவன் காதில் ஏறாது.

போன பருவத்தின் அரையிறுதியில், கைக்கு வந்த பந்தை அவன் விட்டுவிட்டான். அணி தோற்றது. எங்கள் தெருவில் அவன் பெயர் போட்ட சட்டை அணிந்திருந்தவர்கள் அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு போனார்கள். அதன் பிறகு, பெயர் மேலும் கெட்டுவிடக் கூடாது என்று, அவனுடைய போனைக் கிளப்பின் மக்கள் தொடர்புப் பிரிவு வாங்கி வைத்துக்கொண்டது. அன்று எனக்குப் போன் வரவில்லை. நானே கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்து, "சார் இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல மேடம், உங்க கருத்த குறிச்சுக்கிட்டோம்" என்றார். நான் அவன் அக்கா என்றேன். "காலையிலேருந்து நிறைய அக்கா பேசிட்டாங்க மேடம்" என்றார்.

அதன் பிறகு கிளப் வாசலுக்கு நேரில் போனேன். காவலாளி நல்ல மனிதர்தான். உள்ளே விடாமல், அவன் கையெழுத்து அச்சடித்த புகைப்படம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். என் தம்பியின் படத்தை ரசிகை மாதிரி வாங்கிக்கொண்டு பேருந்தில் வந்தபோது எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு அவனுடைய முகநூல் பக்கத்தில் எழுதினேன். "அக்கா பேசணும்டா" என்று எழுதியதற்கு ஓர் இதயமும், 'உங்கள் அன்புக்கு நன்றி' என்ற பதிலும் வந்தன. சரி, வழக்கம்போலத் திட்டிப் பார்ப்போம் என்று திட்டினேன், உடனே என் கணக்கைத் தடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வேறு வேறு பெயர்களில் கணக்குத் தொடங்கித் திட்டினேன். புகாரில் உள்ள கணக்குகள் எல்லாம் என்னுடையவைதான். ஒரு திட்டாவது அவன் கண்ணில் பட்டுவிடாதா என்ற ஏக்கம்தான், வேறு நோக்கம் இல்லை.

இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவன் ஒரு கோலும் விடவில்லை, எல்லோரும் மறுபடி தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நான் டிவியில் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறு வயதில் மாடிப்படியில் விழுந்ததிலிருந்து, இடது முட்டி வலித்தால், எழுந்து நிற்கும் முன் பக்கத்தில் உள்ளதை ஒரு தட்டுத் தட்டுவான். அன்று ஒவ்வொரு முறையும் கோல் கம்பத்தைத் தட்டினான். வர்ணனையாளர் அதை அவனுடைய ராசி என்றார். அதனால்தான், "பல்லி, இடது முட்டி வலிக்குதுன்னு தெரியுது, மறைச்சுக்கிட்டு நிக்காத" என்று எழுதினேன். அதைப் பத்திரிகைகள் எடுத்துப் போடும் என்றோ, அவனை அடுத்த பருவத்துக்கு எடுக்க இருந்த அணி பின்வாங்கும் என்றோ நான் நினைக்கவில்லை. அவன் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டேன் என்பது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் முட்டி வலியைப் பற்றிக் கிளப்பின் மருத்துவர் உட்பட யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை, அவன் தட்டியதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டதுதான்.

இங்கே காவல் நிலையத்தில் ஆய்வாளர் அம்மா புகாரைக் காட்டினார். அதில் என்னை 'வன்மம் கொண்ட அடையாளம் தெரியாத பெண்' என்று எழுதியிருந்தது. கீழே இருந்தது, காவலாளி கொடுத்த படத்தில் இருந்த அதே அச்சுக் கையெழுத்து, இம்மியும் மாறவில்லை. பையிலிருந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதன் பிறகு அவர் கிளப்புக்குப் போன் செய்து, புகார்தாரர் நேரில் வந்து, இந்த வாக்குமூலத்தைத் தானே படித்துப் பார்த்து, வழக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும், வக்கீல் வந்தால் போதாது என்றார்.

அவன் வரும்போது நான் அவனோடு பேசக் கூடாதாம். ஆகவே இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அரையிறுதியில் நீ பந்தைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தாய். உடம்பைக் குறுக்கே கொண்டுவராமல் கையை மட்டும் நீட்டினால் பந்து நிற்குமா, கழுதை. முட்டியைக் காட்டு. சாப்பிடு.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன். 'கழுதை' என்பதை எடுத்துவிடலாமா என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். வேண்டாம், அது இல்லாவிட்டால் நான்தான் சொன்னேன் என்று அவன் நம்பமாட்டான் என்றேன். எல்லாம் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. என் கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
புகார்தாரரின் அக்கா