பாரமான மோட்டார் சைக்கிள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காக நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இருவர். அறுபதைத் தாண்டிய ஒருவர், பழைய மோட்டார் சைக்கிள்கள் இரண்டின் படங்களைப் போனில் மற்றவருக்குக் காட்டினார்.

"பாரமானதைத்தான் எடுக்கப்போறன்."

"அண்ணை, நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓடி இருபது வருசமாச்சு. தூரப் பயணத்துக்குச் சின்னதே போதும். படகில ஏத்திறதும் சுகம்."

"அதுதான் வேண்டாம். சின்னதெண்டால் நான் தனியத் தள்ளி ஏத்திப்போடுவன்."

"அது நல்லதெல்லோ?"

"பாரமெண்டால் நாலு பேர் வந்து பிடிப்பினம். பிடிக்கேக்கை, எங்கை போறியள் எண்டு ஒராளாவது கேப்பார்."

"சரி, எங்கை போகப்போறியள்?"

அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அதை இன்னும் யோசிக்கேல்லைத் தம்பி. இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை."