குரல் எட்டாத தூரம்

மழைநாளில் எந்தக் கயிறும் கொஞ்சம் சோம்பும், ஐயா. அதற்காகப் பொறியைக் குறை சொல்லக் கூடாது.

எங்கள் அம்புப்பொறிக்கு இரண்டு பக்கமும் மயிர்க்கயிற்றால் ஆன முறுக்குக் கட்டு உண்டு. சுண்டினால் இரண்டும் ஒரே சுதியில் பேச வேண்டும். ஒன்று தளர்ந்தால் அம்பு கோணிக்கொண்டு போகும். முந்தாநாள் தான்யூப் நதியின் ஈரத்தில் அப்படித்தான் போய், சமையல்காரரின் ஆட்டைச் சாய்த்தது. முகாமே சிரித்தது. எங்கள் நூற்றுவர் தலைவர் துர்பிலியஸ் சிரித்ததோடு நிற்கவில்லை. நாளைக்கே இதை உடைத்துக் குளியல்கூடத்து அடுப்பில் போடச் சொன்னார். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட பொறி, ஐயா. வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் அவரே வந்தார். போன குளிர்காலம் குதிரைமயிர் தீர்ந்தபோது முகாம் பெண்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். இடப்பக்கக் கட்டு என் மனைவி மெல்லாவின் கூந்தல். துர்பிலியஸ் அதில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

“அட, அந்த ரோஜா எண்ணெய் வாசம் இன்னும் போகலையே! சரி, ஒண்ணு பண்ணுவோம்டா. ஆத்தோர மரத்தடியில நானே போய் நிக்கிறேன். என்னை அடிச்சுக் காட்டு, பொறியை விட்டுடுறேன். யப்பா, ஆடுங்களை மட்டும் கட்டிப் போடுங்க!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மதுக்குடுவையோடு ஆடி அசைந்து நடந்தார். போய்ச் சேர்வதற்குள் நான் இடப்பக்கக் கட்டை முறுக்கி முடித்துவிட்டேன்.

கூட்டாளி கெமெல்லுஸ் சுண்டிப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

“அண்ணே, ரெண்டும் ஒரே சுதிக்கு வந்துடுச்சுண்ணே. அவரைத் தள்ளி நிக்கச் சொல்லிக் கத்தட்டுமா?”

“அவ்ளோ தூரம் குரல் எட்டாதுடா.”

அம்பு எட்டியது. அவரையும் மரத்தையும் சேர்த்துத் தைத்தது. இரண்டு பேர் இழுத்தும் பிடுங்க வரவில்லை. அதுவும் ஈரக் காற்றில். விசாரணை அறிக்கையில் இதை விட்டுவிடாதீர்கள், ஐயா.

ஆமாம், தெரிந்தேதான் கொன்றேன். பொறாமை என்று யாரோ சொன்னார்களாம், சிரிப்புத்தான் வருகிறது. மெல்லா ரோஜா எண்ணெயைப் படுக்கப் போகும்போது மட்டும்தான் தடவுவாள். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். நான் செய்தது முழுக்கப் பொறிக்காக.

வழக்கமாக நெஞ்சுக்குத்தான் குறி வைப்போம். அன்றைக்கு மூக்குக்கு வைத்தேன், துல்லியம் எல்லோருக்கும் தெரியட்டுமே என்று.