வேனில் தூங்கிய பிள்ளைகள்

தேநீர் வேண்டாம், நன்றி. மதியத்துக்கு மேல் குடித்தால் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். தூக்கத்தின் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். பத்து மணிக்குப் படுத்தால் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். இந்த மூன்று வாரமும் அதில் மாற்றமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

சமூக வலைதளத்தில் ஆறு வருடம் ஒரு பக்கம் நடத்தினேன். பத்திரிகைகளும் செய்தித் தொலைக்காட்சிகளும் சொல்லும் பொய்களை எடுத்து, அவற்றின் பக்கத்திலேயே உண்மையை வைப்பேன். போன வருட வெள்ளத்தை இந்த வருட வெள்ளம் என்று காட்டியிருப்பார்கள். உயிரோடிருக்கும் மனிதருக்கு இரங்கல் எழுதியிருப்பார்கள். திருத்தம் போடச் சொல்லிக் கடிதம் அனுப்புவேன். போட மாட்டார்கள். அதையும் எழுதுவேன். பகலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை, வீட்டுக்கு வந்தால் இது. என் பெயர் எங்கேயும் இருக்காது. அறுபதாயிரம் பேர் படித்தார்கள், ஒருவருக்கும் என்னைத் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பக்கம் இல்லை. சமூக விதிகளை மீறியதால் நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று ஒரு வரி. எந்த விதி என்று இல்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். நான்கு நொடியில் பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. பெயரில்லாமல் வாழ்ந்த ஒன்று செத்தால் துக்கம் விசாரிக்க யார் வருவார்கள்?

அத்தான் மட்டும் வந்தார். என் அக்காவின் கணவர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வீட்டில் எல்லாரையும் நான் திருத்திக்கொண்டே இருப்பதால் என்னை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். வாசலிலேயே நின்றுகொண்டு, "போனா போகுது விடு வாத்தியாரம்மா, இன்னொண்ணு ஆரம்பி. முதல் லைக் நான் போடறேன்" என்றார். ஆறு வருட வேலை. எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டே எழுதிக்கொள்ளலாம்.

நான் அதிகம் எழுதியது ஒரு குறிப்பிட்ட தொலைக்காட்சியைப் பற்றி. அங்கேயே இணையச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். உள்ளே இருந்து பார்த்து வெளியே எழுதுவதற்காகத்தான். மாறுவேடம் எதுவும் தேவைப்படவில்லை. நாற்பது வயதுப் பெண்ணை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பதினொரு மாதம் இருந்தேன்.

அங்கே ஓர் இரும்பு அலமாரி உண்டு. உள்ளே நாற்பத்திரண்டு போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் இல்லாத ஒரு மனிதரின் கணக்கு. வேண்டாத பக்கத்தின்மேல் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் புகார் போட்டால் போதும், மறுமுனையில் இருக்கும் இயந்திரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். என் பக்கமும் அப்படித்தான் போனது. அலமாரிக்குப் பொறுப்பானவர் சாப்பிடும்போது அதைப் பெருமையாகச் சொன்னார். அவரிடம் நான் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இதை மட்டும் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். தெரிந்த கதைதானே என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். செய்திகளின் அடியில் 'சம்பந்தப்பட்டவரைத் தொடர்புகொள்ள முயன்றும் பதில் இல்லை' என்று ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள். பாதி நேரம் யாரும் போனைக் கையில் எடுத்திருக்கவே மாட்டார்கள். அதை மறுக்க முடியாதபடி நிரூபிக்க, ஒரே அழைப்பில் உடைந்துவிடக்கூடிய ஒரு பொய் வேண்டும். அது வெளியாகவும் வேண்டும். அப்படி ஒரு பொய் தானாக அமையாது, நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

பொய்க்கு ஓர் ஆள் வேண்டும். இங்கேதான் மிகவும் கவனமாக இருந்தேன். யாரோ ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பிறகு அவர் நிஜமாகவே ஏதோ செய்தவர் என்று தெரியவந்தால் சோதனை கெட்டுவிடும். சந்தேகத்துக்கே இடமில்லாமல் நல்லவர் என்று எனக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போட்டேன். என் பெயரையும் எழுதி அடித்தேன். கடைசியில் ஒருவர்தான் மிஞ்சினார். போன் அடித்தால் அத்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்துவிடுவார். பெற்றோர் யாராவது பயந்துபோய்க் கூப்பிடலாம் என்று தெரியாத எண்ணைக்கூட விட மாட்டார். இதைவிட எளிதான தேர்வு யாருக்கும் வைக்க முடியாது.

படம் என் போனில் இருந்தது. பள்ளியின் விளையாட்டு விழா முடிந்து திரும்பிய மாலை, நானும் வேனின் முன்னிருக்கையில் இருந்தேன். பின்னால் பதினாறு பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்கள். வாய் திறந்து, கழுத்து மடங்கி. "ஹாரன் அடிக்கமாட்டேன் பாரு, எழுந்துடுவாங்க" என்று அத்தான் கிசுகிசுத்தார். அழகாக இருந்தது, எடுத்தேன். இப்போது பதக்கங்கள் தெரிந்த ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டு, புது எண்ணிலிருந்து எங்கள் பிரிவுக்கே அனுப்பினேன். பிள்ளைகள் சத்தம் போடாமலிருக்க அவர்களின் தண்ணீர் பாட்டிலில் இந்த ஓட்டுநர் தூக்க மருந்து கலக்கிறார் என்று இரண்டு வரி, அவருடைய பெயர், வேனின் எண்.

அதற்கு இரண்டு நாள் முன்பு அவருடைய பக்கத்தை நீக்கவைத்தேன். வேன் மாமா என்ற பெயரில் சின்னதாக ஒன்று வைத்திருந்தார். வண்டி வரும் நேரம், பிள்ளைகள் சொன்ன ஜோக்குகள், மறந்துவிட்டுப்போன தொப்பியின் படம். பெற்றோர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அது உயிரோடிருந்தால் ஐந்து நிமிடத்தில் அவர் மறுத்திருப்பார், அவர்களும் அவர் பக்கம் நின்றிருப்பார்கள். செய்தி நிறுவனத்தை மட்டும்தான் அளக்க வேண்டும், நடுவில் வேறு குரல்கள் வந்தால் முடிவு கலங்கிவிடும். அலமாரிக்குப் பொறுப்பானவர் வெளியே போயிருந்த நேரத்தில் வேலையை முடித்தேன். பதினொரு நிமிடம் ஆயிற்று.

அன்று மாலையே அத்தான் கூப்பிட்டார். "உனக்கு வந்த நோய் எனக்கும் வந்துடுச்சு வாத்தியாரம்மா. சமூக விதியை மீறிட்டேனாம். வேன் ஏழு பத்துக்கு வரும்னு போட்டேன், அதுல என்னத்த மீறினேன்?"

"போனா போகுது விடுங்க அத்தான்" என்றேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் செய்தி வெளியானது. நான்தான் எழுதினேன், அன்று எழுதும் முறை என்னுடையது. அடியில் வழக்கமான அந்த வரி. ஒரு மணிக்குள் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை.

ஒன்றரைக்கு அத்தானிடமிருந்து அழைப்பு. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது.

"நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே. யாருகிட்டயாவது சொல்லும்மா. எனக்கு ஒரு போன்கூட வரல, போன் அடிச்சோம் எடுக்கலன்னு போட்டிருக்காங்க."

பார்க்கிறேன் என்றேன்.

"அந்தப் படம் அன்னிக்கு நீ எடுத்ததுதானே? யாரோ உன் போன்லேருந்து திருடியிருக்காங்க. பாத்து வெச்சுக்கோ, மத்ததெல்லாம் என்ன ஆச்சோ."

சரி அத்தான் என்றேன். இன்றைக்கு வேன் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். தவறான செய்தியை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் திருத்துவோம் என்று அந்த நிறுவனத்தின் விதியே சொல்கிறது. அதையும் அளக்க வேண்டியிருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு நானே எல்லாவற்றையும் உடைத்திருப்பேன். மேலும், வேன் எடுக்காமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. அக்காவிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாராம்.

மூன்றே காலுக்குப் பள்ளி வாசலில் கூட்டம். அவர்களில் சிலர் பிள்ளைகளின் அப்பாக்கள், பலர் எந்தப் பிள்ளைக்கும் எந்த உறவும் இல்லாதவர்கள். பள்ளிக்கூடத் தெரு சரிவானது. கண்ணாடி உடைந்த பிறகும் அத்தான் முதலில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பிள்ளைகளைக் கீழே குனியச் சொல்லிவிட்டுத்தான் தன் பக்கக் கதவைத் திறந்தார் என்று ஒரு பெண்குழந்தை சொல்லியிருக்கிறாள். நான்காம் நாள் இறந்தார். திருத்தம் அதுவரையில் வரவில்லை. குறித்துவைத்திருக்கிறேன்.

என் கட்டுரை அடுத்த வாரம் ஒரு மாத இதழில் வந்தது, நீங்களும் படித்திருப்பீர்கள். ஒரு மனிதரின் உயிர் ஒரே ஒரு போன் அழைப்பின் தூரத்தில் இருந்தது, அந்த அழைப்பை யாரும் செய்யவில்லை என்று தொடங்கும். பொய்த் தகவல் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆசிரியர் பதவி விலகினார். எங்கள் பிரிவின் மூத்தவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். வயதில் பெரியவர் என்பதால் அலுவலகமே அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும். ஆறு வருடம் கடிதம் எழுதி நடக்காதது ஒரு வாரத்தில் நடந்தது. அத்தான் வீணாகப் போகவில்லை.

அக்காதான் கண்டுபிடித்தாள். அவள் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் படங்களை நினைவில் வைத்திருப்பாள். கட்டுரை வந்த இதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் சமையலறையில் நின்றாள்.

"அந்தப் படத்தை எனக்கு அனுப்புன்னு பத்து தடவை கேட்டேன்டி. நீ யாருக்கும் அனுப்பவே இல்ல. அது உன்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு."

நான் மறுக்கவில்லை. நான் மறுப்பவள் இல்லை.

"அவரு ஏன்டி? இத்தனை ஜனம் இருக்கே, அவரு ஏன்?"

"அவரைவிட நல்லவங்க எனக்கு யாரையும் தெரியாதுக்கா" என்றேன். அதைவிட உயர்வாக ஒருவரைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? அவள் இதழை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். காலையிலிருந்து அதை என் பக்கம் திருப்பியே வைத்திருக்கிறீர்கள். சித்தப்பாவின் அழைப்புப் பட்டியல் என்று தெரிகிறது. வியாழக்கிழமை, பத்து நாற்பதிலிருந்து பத்து ஐம்பதுக்குள் ஒரே எண்ணுக்கு மூன்று அழைப்பு.

ஆமாம். செய்தியை அனுமதிக்கும் முன் அவர் என் மேசைக்கு வந்து, "டிரைவர்கிட்ட பேசினியாம்மா?" என்று கேட்டார். அடித்தேன் சார், எடுக்கவில்லை என்றேன். அவர் போகவில்லை. "புள்ளைங்க விஷயம், நம்பர் குடு, நானும் அடிச்சுப் பாக்கறேன்" என்றார். அப்படி யாராவது கேட்கக்கூடும் என்று அதற்கென்றே இன்னொரு போன் வாங்கி வைத்திருந்தேன். அந்த எண்ணைக் கொடுத்தேன். அவர் என் பக்கத்திலேயே நின்று அடித்தார், என் மடியிலிருந்த கைப்பைக்குள் அது மூன்று முறை அதிர்ந்தது. மூன்றாவது முறை வெகு நேரம் காத்திருந்தார்.

இந்த விவரம் என் கட்டுரையில் இல்லை. நீளம் கருதி விட்டுவிட்டேன்.