ஒன்பது இரும்பர்களும் இரண்டு மில்லிமீட்டரும்

உங்கள் கண்ணாடி மூக்கில் இறங்கி இறங்கி வருகிறது, சார். இடது பக்கத் திருகு தளர்ந்திருக்கிறது. கழற்றிக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடுக்கித் தந்துவிடுவேன். வேண்டாமா? பரவாயில்லை. நீங்கள் தயங்குவது நியாயம்தான்.

இந்தக் கடையில் இருபத்தாறு வருடமாகக் கண்ணைச் சோதிப்பது, கண்ணாடியை வெட்டுவது, சட்டத்தில் பொருத்துவது எல்லாம் நான் ஒருவன்தான். இதுவரை யாரும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. பஸ் டிப்போவிலிருந்து விசாரணைக்கு ஆள் வருவதும் இதுதான் முதல் தடவை. என் மச்சானைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து வரிசையாகக் கேட்டால்தான் நான் எவ்வளவு யோசித்துச் செய்தேன் என்பது புரியும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். உங்கள் டிப்போவில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஒரு கீறல் போட்டதில்லை. நிறுத்தத்துக் கோட்டுக்கு நேராகக் கதவு வந்து நிற்கும். காத்திருப்பவர்கள் காலைத் தூக்கி வைத்தால் போதும். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, ஆனால் கண்ணாடியை மாட்டிவிட்டால் அந்தக் கண்ணுக்கு நிகர் கிடையாது. அந்தக் கண்ணாடி எப்போதும் நான் செய்து கொடுப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் நாங்கள் இருவரும் சண்டை போடுவோம். பதற வேண்டாம், மேஜை மேல்தான். கட்டைவிரல் உயரப் பொம்மைப் படைகள், ஸ்பாஞ்சில் வெட்டிய குன்றுகள், பகடை, அளக்க ஒரு டேப். கடையில் ஆள் வராத நேரத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பொம்மைகளுக்குச் சாயம் பூசத் தொடங்கியவன் நான். எதிரில் உட்கார ஓர் ஆள் வேண்டுமென்று மச்சானை இதில் இழுத்துவிட்டவனும் நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

என் படையில் எழுபத்திரண்டு குட்டிப் பூதங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி முகம், தனிப் பல் வரைந்திருக்கிறேன். அவர் படையில் மொத்தமே ஒன்பது பேர், தலை முதல் கால் வரை இரும்பு போர்த்த அரக்கர்கள். இரும்பர்கள் என்போம். விதிப் புத்தகப்படி இரண்டு படைக்கும் மதிப்பு ஒன்றுதான். ஓர் இரும்பனுக்கு என் ஆட்கள் எட்டுப் பேர் சமம். நடைமுறையில் பன்னிரண்டு பேர் போவார்கள், ஒருவரும் திரும்பி வர மாட்டார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொன்னவர்கள் இந்த அம்மியைப் பார்த்ததில்லை.

இரும்பர்களுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருப்பவர்கள் மீதுதான் அவர்களால் பாய முடியும். பாய்வதற்கு முன் டேப் வைக்கக் கூடாது, கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தூரம் அதற்கு மேல் இருந்தால் பாதி வழியில் நின்றுவிடுவார்கள், அந்தச் சுற்றில் ஆயுதத்தைத் தூக்க முடியாது. அப்போது சுற்றி வளைத்தால் ஒரு வழி பண்ணிவிடலாம். ஆனால் மச்சான் கண் தப்பினால்தானே? குனிந்துகூடப் பார்க்க மாட்டார். “பதினொண்ணே முக்கால்” என்பார். டேப்பை வைத்தால் பதினொன்றே முக்கால் இருக்கும்.

தொடர்ந்து நாற்பத்தொரு ஞாயிறு தோற்றேன். தோல்வி எனக்குப் பெரிய விஷயமில்லை, பேச்சுத்தான். “கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது மாப்பிள்ளை” என்று ஒரு வாரம். “இந்தக் கூட்டத்தை நான் தினம் எட்டு மணிக்கு ஏத்தி எட்டரைக்கு இறக்குறேன், இதுக்கா பயப்படுவேன்?” என்று இன்னொரு வாரம். ஒருமுறை மேஜை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றேன். உண்மையிலேயே சாய்ந்திருந்தது. “ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்” என்று சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள். ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் என் பூதம் ஒன்றைப் பிடித்து ஃப்ரிட்ஜ் மேல் நிறுத்திவைப்பார், அது கைதியாம். அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு மட்டும் ஜாமீனில் வரும். அண்ணனும் தங்கையும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன்.

மூன்று மாதத்துக்கு முன் பவர் கொஞ்சம் கூடியிருந்ததால் மச்சான் புதுக் கண்ணாடி கேட்டார். கண்ணாடிச் சில்லு, அதாவது லென்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு மையம் உண்டு, சார். அது கண்மணிக்கு நேராக உட்கார வேண்டும். அவருடையது போன்ற தடித்த சில்லில், இரண்டு மையத்தையும் மூக்குப் பக்கம் இரண்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால், எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும், ஒரு குறையும் சொல்ல முடியாது. பொருள்கள் மட்டும் இருப்பதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் தெரியும். சாயங்காலம் லேசாகத் தலை வலிக்கும். பதினான்கு அங்குலம் பன்னிரண்டு மாதிரி இருக்கும். நான் செய்தது இவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தால் எல்லாம் தூரமாகத் தெரிந்திருக்கும். பஸ் ஓட்டுகிற மனிதருக்கு அது ஆபத்து, அதனால் அதைச் செய்யவில்லை. கிட்டத்தில் தெரிந்தால் முன்கூட்டியே பிரேக் போடுவார், அவ்வளவுதானே. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனியாக ஒன்று செய்து தரலாமா என்றுகூட யோசித்தேன். இரண்டை மாற்றி மாற்றி மாட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஞாயிறு அவர், “பன்னெண்டுக்குள்ளதான், பாயறேன்” என்றார். டேப்பை வைத்தேன். பதினான்கு. அவரே வாங்கி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். ஐந்து இரும்பர்கள் நட்ட நடுவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். என் பிள்ளைகள் எழுபத்திரண்டு பேரும் பாய்ந்தார்கள். “யானைக்கும் அடி சறுக்கும் மச்சான்” என்றேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

அந்த வாரத்திலிருந்து பஸ் கோட்டுக்கு ஆறடி முன்னாலேயே நிற்க ஆரம்பித்தது. “ஸ்கேல் உடைஞ்சு போச்சா அண்ணே?” என்று ஏறுகிறவர்கள் கேட்டார்களாம். அதை அவரே சொல்லிச் சிரித்தார். மூன்றாவது வாரம், வெகு தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு வேனுக்குப் பயந்து பிரேக்கை மிதித்தார். உள்ளே நின்றிருந்த ஒரு டீச்சர் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. இடது கை. அவர் எழுதுவது வலது கையால், நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் டிப்போ அவரை ஒரு படிவத்தோடு கண் சோதனைக்கு இங்கே அனுப்பியது. சோதனைச் சட்டத்தை மாட்டிச் சரியான சில்லுகளைப் போட்டேன். கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். ‘கண்ணில் குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை, சார். கண்ணாடியைப் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வியே கிடையாது.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். “கண்ணு நிஜமாவே நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு மச்சான்.”

தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “அப்போ தலைதான் மாப்பிள்ளை. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல தூரம் பிடிபடலை. அப்புறம் வீட்டுக்கு வழி. கடைசியில என் பேரு. தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா.”

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

இப்போது அவரை டிப்போவில், பஸ்ஸில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகிற குடைகளுக்குச் சீட்டுக் கட்டுகிற அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. பேரப்பிள்ளைகள் பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். மொத்தம் ஐந்தே பேர். ஒருநாள் மேஜையில் குனிந்து தூரம் பார்த்தபோது அந்தத் தாள் குன்றுக்குப் பக்கத்தில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, நானும் மனிதன்தானே. பிறகு அவர், “பன்னெண்டு இருக்கும்” என்றார். பதினான்கரை இருந்தது.

சொல்லிவிடலாம் என்று நினைத்ததும் உண்மை. அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து தலைதான் என்று சொன்ன அன்று நான் மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தேன். நாற்பத்தொன்றுக்கு எதிரில் மூன்றை யாராவது ஒரு கணக்காகச் சொல்வார்களா? பத்து வரட்டும், பிறகு புதுச் சில்லு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். இன்னும் ஏழே ஞாயிறு.

நேற்று மச்சானின் கண்ணாடிச் சட்டத்தின் கால் உடைந்து, டிப்போவுக்கு எதிரில் இருக்கும் கண்ணாடிக் கடையில் ஒட்டக் கொடுத்திருக்கிறார். அங்கே இருக்கிற பெண் அதை அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரி. இரண்டு மில்லிமீட்டர் என்று அவள் சொன்னது மிகச் சரி. தவறி நடந்ததில்லை, வேண்டுமென்றேதான் வைத்தேன். டீச்சர் விழுந்த பிறகும் மாற்றவில்லை, அவர் தன் தலையைச் சந்தேகப்பட்ட பிறகும் மாற்றவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். முந்தாநாள் ஞாயிறுதான் பத்தாவது ஆட்டம். ஒன்பது இரும்பர்களும் விழுந்தார்கள். மச்சான் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நல்லா ஆடுறீங்க மாப்பிள்ளை” என்றார். இதை அப்படியே எழுதுங்கள், சார். அவர் முகஸ்துதி பேசுகிற ஆளே இல்லை, நான் நன்றாக ஆடவில்லை என்றால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.