போனிலை இருந்த அறை

கலாவதி: பொறுங்கோ, பொறுங்கோ... போனிலை அறை இருக்கெண்ட வீட்டுக்கார மனுசி, வாசலிலை எப்பிடி இல்லையெண்டு சொன்னவ?

நித்தி: இந்த ஊர் அறையள் அப்பிடித்தான் தங்கச்சி. எங்கடை முகத்தைக் கண்டால் ஓடி ஒளிச்சிடும்.

மகேஸ்: டேய், அவள் வந்து ரெண்டு கிழமைதான்! பயப்படுத்தாதை. இஞ்சை பார் கலா... நானும் இவனும் எங்கடின் எண்ட மலை ஊரிலை ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவித்தானே இவையின்ரை டொச்சுப் பாசை பழகினனாங்கள்...

நித்தி: அதாலை போனிலை உன்ரை மனுசன் மலையிலை மாடு மேய்க்கிற சுவிஸ்காரன்!

மகேஸ்: அவவும் "நீங்கள் மலைப்பக்கமோ?" எண்டு சந்தோசமாய்க் கேட்டா. நானும் ஓமெண்டிட்டன்.

கலாவதி: நேரிலை கண்டோடனை?

நித்தி: மலையிலை இவ்வளவு வெயிலோ எண்டு யோசிச்சிருப்பா!

மகேஸ்: "இப்பத்தான் வேறை ஆக்களுக்குக் குடுத்தனான்" எண்டு கதவைச் சாத்திப்போட்டா.

கலாவதி: எல்லா இடமும் இப்பிடியோ?

நித்தி: சீச்சீ, இடத்துக்கு இடம் வேறை. பிரெஞ்சு கதைக்கிற லொசான் பக்கம் நல்ல மரியாதை. "மிசியே, தயவுசெய்து" எண்டு கூப்பிட்டுத்தான் கடையாலை வெளியிலை விட்டவங்கள்.

மகேஸ்: பேர்ணிலை ட்ராமிலை எனக்கு எப்பவும் ரெண்டு சீற். பக்கத்திலை ஒருதரும் இருக்கமாட்டினம்.

நித்தி: நான் காலை நீட்டிப் படுத்தே போயிருக்கிறன்!

கலாவதி: அப்ப சூரிச்?

நித்தி: இஞ்சை பொலிஸ். லெதர் ஜக்கெற் போட்ட தமிழனெண்டால் போதைத்தூள் விக்கிறவனாம். நடுறோட்டிலை சப்பாத்தைக் கழட்டு எண்டான்.

மகேஸ்: இவன் கழட்டினான். அந்த மணத்துக்குப் பொலிஸ்காரன் மற்றக் கரைக்குப் போயிட்டான்!

நித்தி: ஜக்கெற்றைத் தந்ததே இஞ்சத்தைச் சேர்ச்சுக்காரர், தங்கச்சி. குளிருமெண்டு...

கலாவதி: அது கிடக்கட்டும். அறைக்கு என்ன நடந்தது?

நித்தி: பெஞ்சாதி வாறாள், அறை வேணுமெண்டு இவன் அழாக்குறை. நான் சந்தியிலை போன் பெட்டிக்குள்ளை நிண்டன். இவன் திரும்பப் போய் மணியடிச்சான். கதவு திறக்கிறதைப் பாத்திட்டு நான் மனுசியின்ரை நம்பரைச் சுத்தி, அறை இருக்கோ எண்டு டொச்சிலை கேட்டன்.

மகேஸ்: எனக்கு முன்னாலை நிண்டு, "ஓம், ஓம், அறை சும்மா கிடக்கு, உடனை வாங்கோ" எண்டு மனுசி போனிலை சொல்லுது!

கலாவதி: ஐயோ! நீங்கள் என்ன செய்தனீங்கள்?

மகேஸ்: "நன்றி, வந்திட்டன்" எண்டு சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை போயிட்டன்.

நித்தி: அங்கை நடக்கிறது எனக்கெங்கை தெரியும்? நான் "அலோ, அலோ" எண்டு கத்திக்கொண்டு நிக்கிறன்!

மகேஸ்: மனுசி தக்காளி மாதிரிச் சிவந்திட்டா. பிறகு அறைத் திறப்பை மேசையிலை வைச்சா. ஆனால் சாப்பாடு மணக்கக் கூடாதாம்.

நித்தி: இண்டைக்கு என்ன சமையல் தங்கச்சி?

கலாவதி: கருவாடு...

நித்தி: ஐயோ, யன்னலைச் சாத்தடா!

மகேஸ்: ஹா ஹா... என்ன கலா, நீ சிரிக்கேல்லை?

கலாவதி: சிரிச்சனான்.

நித்தி: எங்கை? பல்லைக் காணேல்லையே.

மகேஸ்: பயந்திட்டியோ? உதெல்லாம் பகிடியப்பா. எங்களுக்கு ஒண்டும் உறைக்கிறேல்லை.

கலாவதி: நேற்றுக் கடையிலை... என்ரை பையைக் கவிட்டுக் கொட்டிப் பாத்தவங்கள். எல்லாருக்கும் முன்னாலை. இவருக்கும் சொல்லேல்லை நான்... நித்தி அண்ணை, இதை எப்பிடிப் பகிடியாக்கிறதெண்டு எனக்கும் சொல்லித்தாங்கோ.