நானூறு இறகும் ஓர் ஏரியும்

புள்ளி: நகரு, நகரு... கண்ணாடி முழுக்க உன் தலைதான் தெரியுது.

மலை: என் தலையையாவது யாராச்சும் பாக்கட்டும். ஆமா, உள்ள உக்காந்திருக்கிறது... ஏய், இது நம்ம ஆஃபீஸ் பஸ் டிரைவர் இல்ல?

புள்ளி: அவரேதான். நம்ம கேம விளையாடிப் பாக்க மூணு மணிக்கு வரேன்னு சொன்ன பொண்ணு காய்ச்சல்னு வரல. கீழ பஸ்ல தூங்கிட்டிருந்தார். எழுப்பி, "அண்ணே, ஒரு மணி நேரம் கேம் விளையாடிட்டுப் போறீங்களா"ன்னு கேட்டேன். சட்டைய இழுத்து விட்டுட்டு வந்துட்டார்.

மலை: பாவம்டி! அவரு இதுக்கு முன்னாடி கேம் விளையாடியிருக்காரா?

புள்ளி: பொண்ணு போன்ல மிட்டாய் உடைக்கிறத எட்டிப் பாத்திருக்காராம். அந்த அனுபவம் போதும். இரு, மைக் போடுறேன்... அண்ணே, கேக்குதா?

டிரைவர்: நல்லா கேக்குது தங்கச்சி. எங்க இருந்து பேசறீங்க?

புள்ளி: பக்கத்து ரூம்தாண்ணே. ஒண்ணே ஒண்ணு... மனசுல என்ன தோணுதோ அத வாய்விட்டுச் சொல்லிட்டே விளையாடணும்.

டிரைவர்: ஓட்டும்போது பேசக்கூடாதும்மா.

புள்ளி: இது குதிரைண்ணே.

டிரைவர்: எதுவா இருந்தா என்ன, ஓட்டுறது ஓட்டுறதுதான். சரி... நீங்க சொல்றதால பேசறேன்.

புள்ளி: தேங்க்ஸ்ணே. ஆரம்பிங்க... அப்பாடா, மைக் பட்டன விட்டாச்சு. இனி நாம நிம்மதியா பேசலாம்.

மலை: நிம்மதியா? இவர்தான் ஏழாவது ஆளு. கடைசி ஆளு.

புள்ளி: தெரியும்.

மலை: முதல் ஆறு பேரும் கேம்ல நான் வரைஞ்ச ஏரிய எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னு தெரியுமா? மொத்தமா சேத்தா கூட ஒரு தும்மலுக்குப் பத்தாது.

புள்ளி: மேடம் என்ன சொன்னாங்கன்னு சரியா சொல்லு. காலையில நான் மீட்டிங்ல பாதி தூக்கம்.

மலை: "கேம் ரொம்ப கனமா இருக்கு, சின்ன மெஷின்ல ஓடல, எதையாவது வெட்டணும். எந்த இடத்துல ஒருத்தர் கூட பத்து செகண்ட் நின்னு பாக்கலையோ, அந்த இடம் போகுது." அஞ்சு மணிக்கு முடிவு. மூணு வருஷம் புள்ளி! ஏரி மேல படர்ற பனிக்கு மட்டும் எட்டு மாசம்!

புள்ளி: எனக்குச் சொல்றியா? அந்த எட்டு மாசமும் உன் கூடத்தானே குடும்பம் நடத்தினேன். "பனி இன்னும் கொஞ்சம் மெலிசா இருக்கணுமோ"ன்னு சாப்பாட்டுத் தட்டப் பாத்துக் கேப்ப.

மலை: அப்போ ஆளுங்க பொறுக்கட்டும்னு மேப் பூரா நீ தூவி வெச்ச இறகு நானூறையும் வெட்டச் சொல்ல வேண்டியதுதானே?

புள்ளி: இறகுக்கு என்ன கனம்? அதுவும் ஆறு பேரும் வீடு பெருக்குற மாதிரி ஒண்ணு விடாம பொறுக்கியிருக்காங்க. எனக்கு அவார்டே குடுக்கலாம்.

மலை: உனக்குப் புள்ளின்னு பேர் வெச்சவன் வாய்க்கு சக்கரைதான் போடணும். மேப் பூரா புள்ளி. வீட்டுல ஃப்ரிட்ஜ் பூரா சீட்டு. என் நெத்தியில மட்டும்தான் இன்னும் ஒட்டல.

புள்ளி: போன ஞாயித்துக்கிழமை ஒட்டினேனே. "துணி காயப் போடவும்"னு. தூங்கிட்டிருந்த.

மலை: அது நீயா! நான் அதோட கடைக்குப் போயிட்டு வந்தேன்டி!

டிரைவர்: ஹிஹி...

புள்ளி: அண்ணன் எதுக்குச் சிரிக்கிறார்?

டிரைவர்: ஒண்ணும் இல்ல, சும்மா... குதிர நல்லா இருக்குன்னு சிரிச்சேன். தோணினதச் சொல்லணும்ல? சொல்றேன். ஸ்க்ரீன் கண்ணாடி முழுக்க என்னென்னமோ ஒட்டியிருக்கு. மேல இடது பக்கம் ரவுண்டா ஒரு மேப். அதுக்குக் கீழ சிவப்புக் கோடு, பச்சைக் கோடு. வலது பக்கம் செய்ய வேண்டிய வேலை... ஒண்ணு, ரெண்டு... பதினொண்ணு. நான் இப்பத்தானே வந்தேன்? அதுக்குள்ள பதினொரு வேலையா?

மலை: கேளு, நல்லா கேளு!

டிரைவர்: எங்க டிப்போல இருந்தப்போ முன் கண்ணாடியில சாமி படம் ஒட்டினாலே மெமோ குடுப்பாங்க. இத ஒட்டினவங்களுக்கு என்ன குடுத்தாங்களோ.

மலை: சம்பளம்ணே, சம்பளம்! ஐயோ, அண்ணனுக்குக் கோயில் கட்டணும்.

புள்ளி: வாய மூடு. அவரு இறகு எடுக்கப் போறார், பாரு... எடுத்துட்டார்!

டிரைவர்: "இறகு ஒண்ணு, மொத்தம் நானூறு." டிங்குன்னு சத்தம் வேற. நானூறும் சேத்தா என்ன குடுப்பீங்க?

புள்ளி: இரு, பதில் சொல்லிடறேன்... அண்ணே, நானூறு சேத்தா குதிரைக்கு ஒரு தொப்பி கிடைக்கும்.

டிரைவர்: குதிரைக்கா? அது கேட்டுச்சா?

மலை: ஹா ஹா ஹா... எனக்குக் கண்ணுல தண்ணி வருது.

புள்ளி: சிரி, சிரி. பேச்சுதான் அப்படி. கை என்ன பண்ணுது பாரு. அடுத்த இறகு... அதுக்கு அடுத்தது... மரத்து மேலயும் ஏறிட்டார்! அம்பத்தஞ்சு வயசு மனுஷன்!

டிரைவர்: எதுக்கு எடுக்கறேன்னு எனக்கே தெரியல தங்கச்சி. டிங்குன்னு கேட்டா கை தானா போகுது. அரிப்பு மாதிரி இருக்கு.

மலை: உன் வேலைக்கு இத விட நல்ல சர்டிபிகேட் கிடைக்காது. "அரிப்பு மாதிரி இருக்கு." ஃபிரேம் போட்டு மாட்டு.

புள்ளி: ஏய்... பேசாத. மேட்டுக்கு வந்துட்டார்.

மலை: எந்த மேடு?

புள்ளி: உன் மேடுதான். அது தாண்டினா ஏரி.

மலை: ஐயோ. ஐயோ, நான் பாக்கல. நீ பாத்துச் சொல்லு. பனி வந்துச்சா? வெயில் சாய்வா விழுதா? தண்ணியில மேகம்...

புள்ளி: எல்லாம் வந்துச்சு. ஆனா...

மலை: என்ன ஆனா?

டிரைவர்: "புதிய இடம் கண்டுபிடிக்கப்பட்டது." நல்லது. "குதிரைக்குப் பசி." சரி. "இறகு முப்பத்தெட்டு." அப்புறம் நடுவுல பெருசா... "எச்சரிக்கை. பனிமூட்டம். பார்வை குறையும்."

மலை: என்னது? புள்ளி... என் பனி மேலயே "இங்க பனி இருக்கு"ன்னு போர்டு வெச்சிருக்கியா?

புள்ளி: அது... ஒரு தகவலுக்காக...

மலை: பனிய மறைச்சுட்டு பனி இருக்குன்னு தகவலா! எட்டு மாசம்டி!

புள்ளி: சத்தியமா அப்போ அது நல்ல ஐடியாவாத்தான் தெரிஞ்சுது!

மலை: நம்பர் சொல்லு. எவ்வளவு நேரம் நின்னார்?

புள்ளி: ஒரு செகண்ட். அதுவும் போர்டு படிக்கிறதுக்கு.

டிரைவர்: இங்கதான் எங்கயோ இருக்கணும்... எங்கன்னு தெரியலையே... வழி காட்டுற மஞ்சக் கோடு ஓட்டு ஓட்டுங்குது. ஓட்டுறேன்.

மலை: எதத் தேடுறார்?

புள்ளி: இறகைத்தான். வேற என்ன. கரையோரமா போறார். பாலம் தாண்டினா ஏரி முடிஞ்சிடும்.

மலை: முடிஞ்சுது. விடு. அஞ்சு மணிக்கு நானே போய் மேடத்துகிட்ட, "வெட்டிக்கோங்க"ன்னு சொல்லிடறேன். அவங்க சொல்லி நான் கேக்கறத விட அது மரியாதை.

புள்ளி: உளறாத.

மலை: இல்ல, நிஜமா. அந்தப் பாலத்துக்கு அடியில ஒரு நாய் படுத்திருக்கும், தெரியுமா உனக்கு? ஆளு வந்து உக்காந்தாத்தான் எழுந்து வரும். யாரும் உக்காரல. அந்த நாய் எழுந்து நடக்கறத என்னைத் தவிர உலகத்துல யாரும் பாத்ததில்ல. ஒரு நாய்க்குப் போய் அழுவேன்னு நான் நினைக்கவே இல்ல.

புள்ளி: இரு, ஒரு நிமிஷம்...

மலை: எதுக்கு?

புள்ளி: ஐயையோ! என்ன இது... எல்லாம் போச்சு! ஸ்க்ரீன்ல ஒண்ணையும் காணோம்! ப்ரோக்ராம்ல ஏதோ பக் போல இருக்கே!

டிரைவர்: தங்கச்சி! தம்பி! மேப்பு போச்சு, கோடு போச்சு, இறகு கணக்கும் போச்சு. நான் எதையாவது உடைச்சிட்டேனா?

மலை: மைக் போட்டு ஏதாவது சொல்லேன்!

புள்ளி: சொல்லக்கூடாது. ரூல். அவரா என்ன செய்றார்னு பாக்கணும்.

டிரைவர்: வழி தெரியலன்னா வண்டிய ஓரங்கட்டணும். அதான் முறை. நிறுத்தறேன்... பாலத்து மேலயே நிறுத்தறேன்... ஓ.

மலை: ஓ-வா? எதுக்கு ஓ?

டிரைவர்: தண்ணி.

புள்ளி: ரெண்டு... மூணு...

மலை: எண்ணாத! கண்ணு பட்டுடும்!

டிரைவர்: இது இவ்வளவு நேரமும் இங்கயேவா இருந்துச்சு?

புள்ளி: ஏழு... எட்டு...

மலை: பட்டனத் தொடாதீங்கண்ணே, கோடிப் புண்ணியம், தொடாதீங்க...

புள்ளி: பத்து! பதினொண்ணு! மலை, பன்னெண்டு!

மலை: யாஹூஉஉ!

புள்ளி: கத்தாத, சுவரு மெலிசு! ஏய், இறக்கி விடு என்னை! இறக்கு!

டிரைவர்: ஒண்ணு தோணுது... சொல்லலாமா? முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடிச்சிருக்கேன். எத்தனையோ ஆறு, எத்தனையோ பாலம். பின்னாடி பாசஞ்சர் எல்லாம் "அடடா, பாரு பாரு"ம்பாங்க. நான் பாத்தது ரோடும் முன்னாடி போற லாரியோட டயரும்தான். ஜன்னல் சீட்டுல நான் உக்காந்ததே இல்லைங்க... குதிரைய விட்டு இறங்க எந்த பட்டன்? இதுவா? ஆங். உக்கார?

மலை: வட்டம்... வட்டத்த அமுக்குங்கண்ணே...

டிரைவர்: உக்காந்துட்டேன். இந்தப் பனி விலகுது பாருங்க, அந்தக் கரையில ஒரு வீடு தெரியுது. விளக்கு எரியுது... யாருடா நீ? எங்கடா இருந்த? வா, வா... தங்கச்சி, ஒரு நாய் வருது!

புள்ளி: மலை... உன் நாய்! எழுந்துடுச்சு! காதை ஆட்டிட்டே வருது! எவ்வளவு அழகா இருக்கு! ஏய், அழறியா?

மலை: இல்ல. சிரிக்கிறேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வருது.

புள்ளி: நாலு நிமிஷம் ஆச்சு. மேடம் ஸ்க்ரீன்லயும் இதே நம்பர்தான் ஓடும். போன் அடிக்குது பாரு.

மலை: நீ எடு. எனக்குத் தைரியம் இல்ல.

புள்ளி: மெசேஜ்தான். "ஏரியைத் தொட வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். மலைகிட்ட சொல்லிடு. அந்த நாய் எப்போ வந்துச்சு?"

மலை: இன்னொரு தரம் படி.

புள்ளி: "ஏரியைத் தொட வேண்டாம்..."

மலை: இன்னும் ஒரே ஒரு தரம்.

புள்ளி: போதும்டா சாமி! இங்க பாரு... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அடிக்கக் கூடாது.

மலை: இன்னைக்கு நீ என் தலையில கல்லப் போட்டாலும் அடிக்க மாட்டேன்.

புள்ளி: அது பக் இல்ல. மெனுல ஏழாவது பக்கத்துல கடைசியா ஒரு பட்டன் இருக்கு. "எல்லாவற்றையும் மறை." நான் வெச்சதுதான். எந்த ஆளும் அது வரைக்கும் போனதில்ல. நீ நாயப் பத்திச் சொன்னப்போ... இங்க இருந்து நானே அமுக்கிட்டேன்.

மலை: தெரியும்.

புள்ளி: தெரியுமா!

மலை: உன் கை மெதுவா கீபோர்டு பக்கம் போனதப் பாத்தேன். ஃபேனப் பாக்கிற மாதிரி மேல பாத்துட்டேன்.

புள்ளி: திருட்டுப் பயலே! என்னை இவ்வளவு நேரம் தவிக்க விட்ட!

மலை: உன் நானூறு இறகையும் எனக்காக நீயே மறைச்சியே, அத நினைச்சு நானும்தான் தவிச்சேன். அந்தப் பட்டன முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடு.

புள்ளி: நாளைக்கே. ஆனா நாம ஏமாத்திட்டோமோ? பட்டன் எல்லாருக்கும் இருக்கிற பட்டன்தான். பாத்தது அவரு கண்ணுதான். இல்ல?

மலை: ஆமா, அவருக்கு நாம பத்து செகண்ட் கதை எதுவும் சொல்லலையே. அவரா நின்னார், அவரா பாத்தார். அதுக்கு மேல என்ன வேணும்?

புள்ளி: கரெக்ட். மணி அஞ்சாகப் போகுது, பஸ் எடுக்கணும் அவரு. மைக் போட்டுக் கூப்பிடறேன்... அண்ணே, போதும்ணே, வாங்க. அண்ணே? இந்த மைக் பட்டன் ஏன் மேலயே வர மாட்டேங்குது?

டிரைவர்: அது உள்ளயே மாட்டிக்கிச்சு போல தங்கச்சி. இந்தப் பக்கம் சிவப்பு லைட்டு முதல்ல இருந்து எரிஞ்சுட்டேதான் இருக்கு.

புள்ளி: முதல்ல... இருந்தா?

மலை: அண்ணே... அப்போ நாங்க பேசினது...

டிரைவர்: நெத்தியில சீட்டோட கடைக்குப் போனது வரைக்கும் கேட்டேன் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. காதுல விழுந்துச்சு, நான் என்ன பண்ண?

மலை: அப்போ அந்தப் பத்து செகண்டும்... எங்க மேல பரிதாபப்பட்டு நின்னீங்களா?

டிரைவர்: உங்க ஏரி எதுன்னுதான் வழி பூரா தேடிட்டு வந்தேன், அத்தனை பொம்மைக்கு நடுவுல தெரியவே இல்ல. எல்லாம் மறைஞ்சதும், சரி, இதுதான் போல, தம்பிக்காக பத்து எண்ணிட்டுக் கிளம்பிடலாம்னுதான் நிறுத்தினேன்... நாலு வரைக்கும் எண்ணினேன் தம்பி, அதுக்கு மேல எண்ணவே மறந்துட்டேன்.